எங்க வீட்டு மூக்கு

என் தம்பி பொண்டாட்டிக்கு மூக்கம்மான்னு பேர் வெச்சது என் தம்பிதான். ஆனா தெருவுல எல்லாரும் நான் வெச்சதாத்தான் பேசிக்கறாங்க. நாத்தனார்னா எல்லாப் பழியும் தானா வந்து சேரும், புதுசா என்ன. அவன் இருந்தா கூப்பிட்டு நிக்க வெச்சு கேட்டிருப்பேன், "சொல்லுடா, யாரு வெச்சது?"ன்னு. அவன் இல்லை. அதனால பழி என் தலையிலேயே இருக்கட்டும்.

ஆனா பேர் பொருத்தமான பேர். பால் திரியறதுக்கு முன்னாடியே கூடத்துல உக்காந்துகிட்டு, "அண்ணி, அந்தப் பாலை இப்பவே காய்ச்சிடுங்க"ன்னு குரல் குடுப்பா. நான் தையல்காரி. முன் அறையில மெஷின் போட்டு தைக்கறேன். இஸ்திரிப் பெட்டி துணி மேல கொஞ்சம் கூட நேரம் நின்னுட்டா, எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி சமையலறையில இருந்து அவ கத்துவா. மழை வரப்போகுதுன்னா சொல்லுவா. பக்கத்து வீட்டுக்காரர் திரும்பவும் சிகரெட் பிடிக்க ஆரம்பிச்சிட்டார்ங்கறது அவர் பொண்டாட்டிக்கே இவ மூலமாத்தான் தெரிஞ்சது. அதுல ரெண்டு வீட்டுக்கும் கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்லாம போச்சு, அது வேற கதை.

அந்த மூக்குதான் அவளுக்குச் சோறு போட்டுது. எண்ணெய் ஆலையில வேலை. டின்னுல அடைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தொட்டியில இருந்தும் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில விட்டுத் தேய்ச்சு மோந்து பார்ப்பா. காறல் வாசனை லேசா இருந்தாலும் தலையை ஆட்டுவா, அந்தத் தொட்டி அப்படியே நிக்கும். மேனேஜர் கோட்டும் சூட்டுமா பக்கத்துல நின்னு இவ வாயைப் பார்த்துகிட்டிருப்பார். அவளுக்கு ஜலதோஷம் பிடிச்சா ஆலைக்கே ஜலதோஷம் பிடிச்ச மாதிரின்னு என் தம்பி சொல்லுவான்.

என் தம்பியைப் பத்தியும் சொல்லணுமே. அவன் குளிர்கிடங்குக் கதவு மாட்டறவன். மீன், இறைச்சி, பழம் எல்லாம் வெச்சிருப்பாங்களே, ஆள் உயரத்துக்கு மேல பெரிய பெரிய கதவு, அதைச் சுத்தி ரப்பர் பட்டை ஒட்டி, உள்ள இருக்கற குளிர் வெளியே வராம அடைக்கற வேலை. ஒரு மெழுகுவர்த்தியை ஏத்திக் கதவு ஓரமா நகர்த்திப் பார்ப்பான். சுடர் ஆடிச்சுன்னா அங்க இடுக்கு இருக்குன்னு அர்த்தம். வீட்டுல ஒரு ஜன்னல் கூட காத்துல தடதடன்னு அடிக்காது. எங்க அம்மா சீக்கிரமே போயிட்டாங்க, இவனை வளர்த்தது நான்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வைக்கறதுக்குள்ள நமக்கு ஆயுசு போயிடும், அவ்வளவு அழுத்தக்காரன். அவளைக் கட்டின பிறகுதான் வீட்டுல அவன் சிரிப்புச் சத்தம் கேட்டுது.

ரெண்டு பேருக்கும் எந்தக் குறையும் இல்லை. ஒண்ணே ஒண்ணைத் தவிர. குழந்தை இல்லை.

இதைப் பத்தி நான் அதிகம் பேச மாட்டேன், எல்லாத்தைப் பத்தியும் பேசற நானே. ஒவ்வொரு தடவையும் நாள் தள்ளிப் போகும். அவ முகத்துல ஒரு வெளிச்சம் வரும். டாக்டர்கிட்ட ஓடுவாங்க, ஒண்ணும் இல்லைன்னு திரும்பி வருவாங்க. பஸ்ஸை விட்டு இறங்கி அவன் முன்னாடியும் அவ பின்னாடியும் நடந்து வர்றதை மெஷின் பக்கத்து ஜன்னல் வழியா பார்த்தாலே எனக்குத் தெரிஞ்சிடும். கடைசியா ஒரு தடவை அப்படி வந்தப்போ அவ என்கிட்ட சொன்னா, "அண்ணி, இனிமே வயிறு வெளிய தெரியற வரைக்கும் நான் எந்த டாக்டர்கிட்டேயும் போக மாட்டேன். வந்தா தானா வரட்டும். போய்க் கேட்டு இல்லைன்னு வாங்கிட்டு வர எனக்குத் தெம்பு இல்லை." நான் சரின்னேன். வேற என்ன சொல்ல?

அந்த வருஷம்தான் தம்பி விமானம் கட்ட ஆரம்பிச்சான்.

நீங்க சிரிப்பீங்க, நானும் சிரிச்சேன். "ஏன்டா, ஸ்கூட்டர் பத்தலையா உனக்கு?"ன்னு கேட்டேன். ஊருக்கு வெளியே சின்ன விமானம் இறங்கற மைதானம் ஒண்ணு இருக்கு. அங்க பக்கத்துல ஒரு கிடங்குக் கதவு மாட்டப் போனவன், சில பேர் தாங்களே கட்டின விமானத்துல பறக்கறதைப் பார்த்துட்டான். அவ்வளவுதான், பித்து பிடிச்சுது. வரைபடம் வந்துது, தகடு வந்துது, குழாய் வந்துது. வீட்டுக்குப் பின்னாடி கொட்டகையில முக்காலி போட்டு அது மேல ஒரு இறக்கை, சுவரோரமா இன்னொரு இறக்கை. நான் துணி காயப் போட இடமில்லை. "அக்கா, கை சும்மா இருந்தா மனசு எங்கெங்கேயோ போகுது"ன்னு ஒரு நாள் சொன்னான். அதுக்கப்புறம் நான் அவனைக் கேலி பண்றதை விட்டுட்டேன். கொஞ்சமாத்தான் விட்டேன்.

வருஷக்கணக்கா ஆச்சு. எறும்பு ஊரக் கல்லும் தேயும்னு சொல்ற மாதிரி, அதுக்கும் ஒரு நாள் மூக்கு முழி எல்லாம் வந்துது. ரெண்டு பேர் உக்கார்ற விமானம். ரெண்டு சீட்டுக்கும் உறை நான்தான் தைச்சேன். நீல ரெக்ஸின், வெள்ளை நூல். தையல் நேரா வரலைன்னு ஒரு தடவை பிரிக்கச் சொன்னான், நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான்.

எஞ்சின் மாட்டி முதல் தடவை ஓட விட்ட அன்னிக்கு அவளை உள்ள உக்கார வெச்சான். கொஞ்ச நேரத்துலேயே இருமிகிட்டே இறங்கி ஓடி வந்தா. "எண்ணெய் கருகற நாத்தம். இடது கால்கிட்ட வருது"ன்னா. அவனுக்கு ஒண்ணும் தெரியல. வருஷக்கணக்கா ரப்பர் பசையை மோந்து மோந்து அவன் மூக்கு செத்துப் போயிருந்துது. குனிஞ்சு பார்த்தா, எஞ்சினுக்கும் உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கற தகட்டுல, ஒரு கேபிள் நுழையற ஓட்டை விரல் அகலத்துக்கு வாயைத் திறந்துகிட்டு இருந்துது.

அப்புறம் அதே வேலைதான். லீவு நாள் ஆனா அவ கண்ணை மூடிகிட்டு உள்ள உக்காருவா. அவன் எஞ்சினை ஓட்டுவான். அவ மூக்கைத் திருப்பித் திருப்பி, ஒரு இடத்துல விரலை வைப்பா. அவன் அங்க பென்சிலால வட்டம் போடுவான். எஞ்சினை நிறுத்திட்டு அந்த இடத்தை அடைப்பான். சூடு தாங்கற பசை, அது மேல தகடு, தகட்டு ஓரமா திரும்பவும் பசை. வயர் நுழையற இடம், பெடல் நுழையற இடம், கதவோட கீழ் விளிம்பு. ஹீட்டர் பெட்டியில முடி மாதிரி ஒரு விரிசல், அதையும் கண்டுபிடிச்சா. அடைச்ச பிறகு, "இப்ப வாசனை வருதா?"ன்னு கேப்பான். "வருது"ன்னுவா. திரும்பவும் முதல்ல இருந்து. "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இப்பதான் அண்ணி, நான் சொல்றதை முழுசா கேக்கறார்"னு என்கிட்ட சொல்லிச் சிரிச்சா.

அந்த நாட்கள்ல அவங்களைப் பார்க்கணும் நீங்க. முகமெல்லாம் கரி. ஒருத்தர் மேல ஒருத்தர் கோவிச்சுக்கறதும், கொட்டகையிலேயே உக்காந்து ஒரே டம்ளர்ல டீ குடிக்கறதும். டாக்டர் வீட்டு வாசலையே மறந்துட்டாங்க. நான் பின்பக்க ஜன்னல் வழியா பார்த்துட்டு, கண்ணு பட்டுடப் போகுதுன்னு முகத்தைத் திருப்பிக்குவேன்.

கடைசியில ஒரு நாள் ரொம்ப நேரம் உள்ள உக்காந்திருந்தா. எஞ்சின் ஓடிகிட்டே இருக்கு. மூக்கை எல்லா மூலையிலேயும் நுழைச்சுப் பார்த்தா. அப்புறம் கதவைத் திறந்து, "இல்லைங்க. ஒண்ணுமே இல்லை"ன்னா. என் தம்பி கொட்டகையை விட்டு வெளியே ஓடி வந்து, தெருவே திரும்பிப் பார்க்கற மாதிரி, "அக்கா! இல்லையாம்!"னு கத்தினான்.

மைதானத்துல ஒருத்தர் உண்டு. தடிக் கண்ணாடி போட்டிருப்பார், அதனால கண்ணாடிக்காரர். அவரும் தன் கையால விமானம் கட்டினவர். "உள்ள ஒரு அலாரம் வாங்கி மாட்டுப்பா, புகை வந்தா கத்தும்"னு சொன்னார். இவன் அவளைக் கையால காட்டி, "என்கிட்ட பேசற அலாரமே இருக்கு சார், இது ராத்திரி பகல் கத்தும்"னான். எல்லாரும் சிரிச்சோம். அவதான் அதிகம் சிரிச்சா. அனுமதி குடுக்கறவங்க வந்து பார்த்தாங்க, அடைச்சிருக்கற நேர்த்தியைப் பார்த்துப் பாராட்டிட்டுத்தான் போனாங்க.

வெயில் காலத்துல அவன் தனியா பறந்து பழகினான். பக்கத்து ஜன்னலைத் திறந்து வெச்சுகிட்டு, சின்னச் சின்ன வட்டம். அப்புறம் அவளைக் கூட்டிட்டுப் போனான். முதல் தடவை இறங்கி வந்தப்போ அவளுக்குப் பேச்சே வரல, என் கையைப் பிடிச்சுகிட்டு அழுதா. சந்தோஷத்துல அழறவங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

குளிர் காலம் ஆரம்பிச்சுது. மேல காத்து ஊசி மாதிரி குத்துதுன்னு ஜன்னலை மூடிகிட்டுப் பறக்க ஆரம்பிச்சாங்க. அப்படிப் போன முதல் நாளே இறங்கினதும் மைதான ஓரமா போய் வாந்தி எடுத்தா. முகம் வெளுத்துப் போச்சு. தலைவலி மண்டையைப் பிளக்குதுன்னா. சாயந்திரத்துக்குள்ள சரியாப் போச்சு. அடுத்த லீவு நாள் போனாங்க, அதே வாந்தி, அதே தலைவலி. மூணாவது தடவையும் அப்படியே ஆனதும், துணியைத் தைச்சுகிட்டே மெதுவா கேட்டேன். "ஏன்டி, நாள் ஏதாவது தள்ளிப் போயிருக்கா?"

நான் நிமிர்ந்து பார்த்தா, கண்ணு ரெண்டும் நிறைஞ்சு நிக்குது. "தள்ளித்தான் போயிருக்கு அண்ணி. எப்பவும் விட ரொம்ப. வாயைத் திறந்து சொல்லாதீங்க. சொன்னா போயிடும்."

சொல்லாம இருக்க நான் என்ன ஊமையா? தம்பிகிட்ட சொன்னேன். அவன் அப்படியே சுவர்ல சாய்ஞ்சு நின்னான். டாக்டர்கிட்ட போகலாமான்னு அவளைக் கேட்டான். வேண்டவே வேண்டாம், வயிறு தெரியட்டும்னுட்டா. அவனும் வற்புறுத்தல. போய்க் கேட்டு இல்லைன்னு வாங்கிட்டு வர அவனுக்கும் தெம்பு இல்லை.

அவனுக்கும் அப்பப்போ தலை சுத்தும். பறந்துட்டு வந்தா ரெண்டு மாத்திரை போட்டுகிட்டு படுத்துக்குவான். "பாருங்கக்கா, எனக்கும் சேர்ந்து மசக்கை வந்திருக்கு"ன்னு சொல்லுவான். வயிறு குலுங்கச் சிரிப்போம், நான், அவ, அவன், மூணு பேரும்.

அடுத்த தடவை அவ கிளம்பறப்போ கையைப் பிடிச்சு நிறுத்திட்டான். "இனிமே உனக்குக் கிடையாது. குலுக்கல் கிலுக்கல் ஆகி எதுவும் ஆயிடக் கூடாது. மூணு பேரா ஆன பிறகு போகலாம்"னான். இருக்கறது ரெண்டு சீட்டுதானேடான்னு கேட்டேன். மடியில வெச்சுப்பேன்னான். அவ வீட்டுலேயே தங்கிட்டா. வாந்தியும் நின்னுது, தலைவலியும் நின்னுது. "சிலருக்கு அப்படித்தான், சீக்கிரமே நின்னுடும்"னு சொன்னது யாரு? எல்லாம் தெரிஞ்ச இந்த நாத்தனார்தான். எனக்கு ஒரு பிள்ளை உண்டா, குட்டி உண்டா? ஆனா வாய் மட்டும் பத்துப் பெத்தவ மாதிரி பேசும்.

ரப்பர் சுருள் எல்லாம் போட்டு வெச்சிருந்த சின்ன அறையை அவன் காலி பண்ணினான். சுவரை சோப்புத் தண்ணி விட்டுக் கழுவினான். அவ வாசல்ல நின்னு மோந்து பார்த்து, இன்னும் ரப்பர் வாசனை போகலைன்னா. திரும்பக் கழுவினான். வெள்ளை அடிச்சான். கொட்டகையில எப்படி மாறி மாறி வேலை செஞ்சாங்களோ, அதே மாதிரி.

அவன் போன அன்னிக்கு நல்ல குளிர். உள்ள சில்லுன்னு காத்து வர்ற துவாரத்துக்கெல்லாம் டேப் ஒட்டிகிட்டான். குளிர் நுழையற இடத்தை அடைக்கறது அவன் தொழிலாச்சே, கை தானா போயிருக்கும். ஹீட்டரையும் போட்டுகிட்டான். ஆத்தோரமா போய் ஆத்தோரமாவே திரும்பி வந்துடுவேன்னு சொல்லிட்டுப் போனான். மதியம் கண்ணாடிக்காரர் எங்க வீட்டுக்கு வந்தார். வாசல்ல நின்னு கண்ணாடியைக் கழட்டிக் கையில வெச்சுகிட்டார். அவர் கண்ணாடி இல்லாம நான் அவரைப் பார்த்ததே கிடையாது.

விமானம் திரும்பவே இல்லை. ஆறு வளைஞ்ச இடத்துல அவன் வளையல. நேரா போயிருக்கு, போய்கிட்டே இருந்திருக்கு, பெட்ரோல் தீர்ற வரைக்கும். அப்புறம் அறுவடை முடிஞ்ச ஏதோ ஒரு வயல்ல தானா இறங்கி உரசிகிட்டு நின்னிருக்கு. இறக்கை ஒண்ணுதான் உடைஞ்சுது. உள்ள இவன் பெல்ட் போட்டபடி உக்காந்திருந்தான். நெத்தியில ஒரு சின்னக் காயம். கன்னம் ரெண்டும் நல்லா சிவந்து, தூங்கற மாதிரி இருந்தான். பார்த்தவங்க எல்லாம் முகம் எவ்வளவு களையா இருக்கு பாருன்னு சொன்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். என் தம்பி இவ்வளவு அழகான்னு அன்னிக்குத்தான் பார்த்தேன், பாவி நான்.

வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழி உடைஞ்ச கதைன்னு ஊரே பேசிச்சு. மாரடைப்பா இருக்கும்னாங்க. அவ தண்ணி கூட குடிக்கல. ரெண்டு நாள் பார்த்தேன். மூணாவது நாள் தட்டுல சாப்பாடு போட்டு முன்னாடி வெச்சேன். "எழுந்திருடி. உனக்காக வேண்டாம். வயித்துல அவன் பிள்ளை இருக்கு. அதைப் பட்டினி போட உனக்கு என்ன உரிமை?"ன்னு கத்தினேன். அதட்டினாத்தான் கேப்பா, எனக்குத் தெரியும். மெதுவா எழுந்தா. சாப்பிட்டா. கண்ணுல தண்ணி ஓடிகிட்டே இருக்கு, வாய் மென்னுகிட்டே இருக்கு. அன்னில இருந்து வேளாவேளைக்கு அதே வார்த்தையைச் சொல்லித்தான் சாப்பிட வெச்சேன். வர்றவங்க போறவங்க எல்லாரும் அதையே சொன்னாங்க. எனக்கும் அதுதான் பிடிப்பு. அவன் முகத்தோட ஒண்ணு வரும், திரும்பவும் நான் வளர்ப்பேன்னு நினைச்சுத்தான் நானும் மெஷின்ல உக்காந்தேன்.

கொஞ்ச நாள் கழிச்சு விபத்தை விசாரிக்கறவர் ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். மரியாதையான மனுஷன். செருப்பை வெளியவே விட்டுட்டு வந்து, சொன்ன நாற்காலியில உக்காந்தார். மாரடைப்பு இல்லைம்மா, ரத்தத்துல விஷ வாயு இருந்துது, எஞ்சின் புகையில வர்றது, முகம் அப்படிச் சிவந்திருந்ததும் அதனாலதான்னார்.

அவ நிமிர்ந்து பார்த்தா. "இருக்காது சார். நான் மோந்து பார்த்தேன். ஒவ்வொரு இடமா பார்த்தேன்."

"அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாதும்மா"ன்னார்.

"எனக்கு வந்துச்சே. இடது கால்கிட்ட வந்துச்சு, ஹீட்டர்ல வந்துச்சு."

"உங்களுக்கு வந்தது எண்ணெய் கருகின புகை. அது முன்பக்கமா வந்துது, அதை நீங்க கண்டுபிடிச்சு, அவர் அடைச்சிட்டார். முன்பக்கம் ஊசி நுழைய இடமில்லை, அப்படி ஒரு வேலையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஆனா நிக்கற விமானம் வேற, பறக்கற விமானம் வேறம்மா. பறக்கறப்போ உள் அறை எங்க இடுக்கு கிடைக்குதோ அங்க இருந்து காத்தை உறிஞ்சும். புகைக்குழாய் அடிவயித்துல இருக்கு. புகை அடிப்பக்கமாவே ஓடி வாலுக்குப் போகுது. வாலுக்குப் போற கேபிள் நுழைய அங்க இடுக்கு விட்டிருக்கு. அந்த வழியா உள்ள வந்து, பின்னாடி இருந்து முன்னாடி வந்திருக்கு. அவர் நல்ல காத்து வர்ற வழியையும் குளிருக்காக டேப் ஒட்டி அடைச்சிருந்தார். வாசனை வர்ற அளவுக்கு அதுல கரிப்புகை இல்லை. வாயு மட்டும் இருந்துது."

நெருப்பில்லாம புகையாதுன்னு காலம் காலமா சொல்லிட்டு வர்றோம். புகையே தெரியாம ஒண்ணு வந்து ஆளைக் கொண்டு போகும்னு எவனாவது சொல்லி வெச்சானா? எனக்கு அந்த மனுஷன் மேலேயே கோவம் வந்துது. அவர் என்ன பண்ணுவார், பாவம்.

அவர் பையைத் திறந்துகிட்டே, "அந்த விமானத்துல வேற யாராவது போயிருக்காங்களா? அவங்களுக்குத் தலைவலி, வாந்தி, மயக்கம் அப்படி ஏதாவது?"ன்னு கேட்டார்.

எனக்கு அந்தக் கேள்வி எங்க போகுதுன்னு புரிய ஒரு நொடி ஆச்சு. புரிஞ்சதும் குதிச்சு எழுந்தேன். "போதும் சார், கிளம்புங்க. அவ மாசமா இருக்கா. அவளை இந்த மாதிரி எல்லாம் கேக்காதீங்க."

அவர் பதறிப் போய் பையை மூடிட்டு எழுந்தார். "மன்னிச்சிடுங்கம்மா, எனக்குத் தெரியாது."

"இருங்க சார்"னா அவ. குரல் ரொம்ப சாதாரணமா இருந்துது. ஆலையில மேனேஜர்கிட்ட பேசற குரல். "எனக்கு வந்துச்சு. தலைவலி, வாந்தி ரெண்டும்."

"பேசாம இருடி"ன்னேன்.

அவ என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் நின்னபடியே கேட்டார். "எப்பம்மா? பறந்த அன்னிக்கு மட்டுமா?"

"ஆமா. ஜன்னலை மூடிட்டுப் போன பிறகு."

"மத்த நாள்ல?"

"இல்லை."

"பறக்கறதை நிறுத்தின பிறகு?"

"ஒரு நாள் கூட வரல."

சொல்லிட்டு அவளே அதைக் கேட்டுகிட்டா. அவ முகத்துல அது இறங்கறதை நான் பார்த்தேன். "சார், அப்போ எனக்கு வந்த அந்த வாந்தி, தலைவலி எல்லாம் இந்த வாயுவாலயா?"ன்னு கேட்டா.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், சொல்லாதீங்கன்னு. அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வரல. "அந்த வாயுவாலதாம்மா. மத்த விஷயம் எனக்குத் தெரியாது. டாக்டர்தான் சொல்லணும்." சொல்லிட்டு செருப்பைப் போட்டுகிட்டுப் போயிட்டார்.

மறுநாள் அவளே கிளம்பி வந்து என் முன்னாடி நின்னா. "வாங்க அண்ணி, போய்க் கேட்டுட்டு வந்துடலாம்." போனோம். டாக்டர் நல்லாத்தான் பேசினாங்க. குழந்தை இல்லை, இருந்ததும் இல்லை, வயசானா நாள் இப்படித்தான் தள்ளிப் போகும், அதிர்ச்சியிலும் நிக்கும்னாங்க. அவ எல்லாத்துக்கும் தலையாட்டினா. பஸ்ஸை விட்டு இறங்கி நான் முன்னாடி நடந்தேன், அவ பின்னாடி வந்தா. ஜன்னல் வழியா பார்க்க வீட்டுல யாரும் இல்லை.

வாசல்ல பக்கத்து வீட்டுக்காரி மூடி போட்ட பாத்திரத்தோட நின்னா. அந்த சிகரெட் சண்டை எல்லாம் அவளுக்கு மறந்தே போச்சு. "ரெண்டு உசுருக்குச் சேர்த்து நல்லா சாப்பிடணும்மா"ன்னு நீட்டினா. நான் பாத்திரத்தைப் பிடுங்கிகிட்டு கதவைச் சாத்தினேன். நல்லது செய்ய வந்தவ மேல அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

அவ கையைக் காலைக் கழுவிட்டு வந்து வழக்கமா உக்கார்ற இடத்துல உக்காந்தா. நான் தட்டுல போட்டு முன்னாடி வெச்சேன். தினமும் சொல்ற அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துடுச்சு, அங்கேயே நின்னுது. எனக்கு வேற வார்த்தை தெரியல. தட்டு அப்படியே இருக்கு. அவ அதையே பார்த்துகிட்டிருக்கா. சாப்பிட ஒரு காரணம் சொல்லணும், எங்க ரெண்டு பேர்கிட்டேயும் ஒண்ணும் இல்லை.

"நான்தான் அண்ணி இல்லைன்னு சொன்னேன்"னா. "உள்ள உக்காந்து, நல்லா பார்த்துட்டு, ஒண்ணுமே இல்லைன்னு சொன்னேன். உங்க தம்பி அதை நம்பித்தான் போனார்."

எனக்கு எங்க இருந்து வந்துதோ அந்தக் கோவம். "வாயை மூடுடி! பெரிய மூக்கு! உன் மூக்குக்குத் தெரியாததை என்னடி பண்ணுவே? அவன் என் தம்பி. நான் தூக்கி வளர்த்தவன். பழி போடணும்னா அந்த உரிமை எனக்குத்தான் முதல்ல. நான் போடல. நீ யாரு போட?" மூச்சு வாங்கிச்சு. அப்புறம் குரல் உடைஞ்சு போச்சு. "அவன் போயிட்டான். அதுவும் இல்லைன்னு ஆயிடுச்சு. இந்த வீட்டுல எனக்குன்னு மிச்சம் இருக்கறது நீ ஒருத்திதான். எனக்காகச் சாப்பிடுடி. வேற எந்தக் காரணமும் என்கிட்ட இல்லை."

அவ தட்டைக் கிட்ட இழுத்துகிட்டா. அப்புறம் கையை நீட்டி ஒரு வாய் எடுத்தா. வாயில போட்டவளுக்கு மெல்ல முடியல, கன்னத்துல ஒதுக்கி வெச்சுகிட்டு என்னையே பார்த்தா. நான் எதிர்ல உக்காந்தேன். அதை அவ விழுங்கற வரைக்கும் நான் எழுந்திருக்கல.